எலும்புத் தூளும் முட்டை ஓடும்: ஈயம் கலந்த மண்ணில் பதினாறு மாதங்கள்

கடந்த வாரம் ஆய்வகத்திலிருந்து வந்த அறிக்கையில் 26 என்ற எண் இருந்தது. வீட்டுச் சுவருக்கு அருகிலுள்ள பாத்தி மண்ணின் ஈயத்தில், வயிற்று அமிலத்தை ஒத்த கரைசலில் கரைந்து வெளிவரும் பங்கு நூற்றுக்கு 26 என்பது அதன் பொருள். எதுவும் சேர்க்காத அதே மண்ணில், அதே சோதனையில் அந்தப் பங்கு 43 ஆக இருந்தது. இந்த வேலை நடந்த பதினாறு மாதங்களில் நான் மண்ணில் சேர்த்துப் பார்த்தவை அனைத்தும் குப்பைக்குப் போயிருக்க வேண்டியவை: மீன் முள், இறைச்சி எலும்பு, முட்டை ஓடு, உமிக்கரி, மக்கிய இலைதழை. அவற்றில் எது பயன் தந்தது, எது தரவில்லை, எது பயன் தந்ததுபோல் தோன்றி என்னைச் சில வாரங்கள் ஏமாற்றியது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

தொடக்கம் ஒரு பழைய வண்ணப்பூச்சு. வெளிச்சுவரில் பல அடுக்குகளாக இருந்த பழைய பூச்சை முன்பு யாரோ சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசியிருக்கிறார்கள். சுரண்டிய செதில்கள் சுவரடியிலேயே விழுந்து மண்ணோடு கலந்துவிட்டன. மகள் தவழத் தொடங்கியபோதுதான் அந்த மண்ணில் வெள்ளையாகத் தெரிந்த துணுக்குகள் என் கண்ணில் பட்டன. வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்களின் உடல் ஏற்பது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்றால், சிறு குழந்தைகளின் உடல் பாதி வரை ஏற்றுக்கொள்கிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. கையை வாயில் வைக்கும் வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போட முடியவில்லை.

முதல் வேலை மாதிரி எடுப்பது. சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர், 1 மீட்டர், 3 மீட்டர் என மூன்று தொலைவுகளில், ஒவ்வொன்றிலும் ஒன்பது இடங்களில் மேல் 5 சென்டிமீட்டர் மண்ணை எடுத்து, தொலைவு வாரியாக ஒன்றாகக் கலந்து அனுப்பினேன். ஒரே இடத்துக் கைப்பிடி மண்ணை அனுப்பியிருந்தால், அதில் ஒரு பூச்சுச் செதில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண் தலைகீழாக மாறிவிடும். ஒன்பது இடங்கள் என்பது அதற்காகத்தான். வந்த முடிவுகள், கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில், முறையே 1,140, 620, 190. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடியிருப்பு மண்ணுக்கு வைத்திருந்த 400 என்ற எச்சரிக்கை அளவை 2024 ஜனவரியில் 200 ஆகக் குறைத்தது. கலிபோர்னியாவின் அளவு 80. இந்த எண்களை வைத்துப் பார்த்தால் 3 மீட்டர் தொலைவிலுள்ள மண்ணும்கூட ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று.

அதே மாதிரிகளில் ஆர்செனிக் என்ற நச்சுப் பொருளையும் சோதிக்கச் சொன்னேன். எலும்பிலுள்ள பாஸ்பேட் ஈயத்தைக் கட்டும், ஆனால் மண்துகளில் ஒட்டியிருக்கும் ஆர்செனிக்கை இடம்பெயர்த்து நீரில் கலக்கவிடும். இரண்டும் ஒரே குடும்ப வடிவில் மண்ணில் ஒட்டுவதால் ஒன்று வந்தால் மற்றொன்று விலக நேரிடுகிறது. ஈய ஆர்சனேட் பூச்சிக்கொல்லி ஒருகாலத்தில் தெளிக்கப்பட்ட பழத்தோட்ட நிலங்களில் இந்த அபாயம் மிகுதி. என் மண்ணில் ஆர்செனிக் இயல்பான அளவிலேயே இருந்ததால்தான் எலும்பைத் தொட்டேன். இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் பாஸ்பேட்டைக் கையில் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எலும்பு என்ற எண்ணம் எனக்குத் தோன்றியதன்று. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில், தெற்கு பிரெஸ்காட் என்ற குடியிருப்புப் பகுதியின் தோட்ட மண்ணில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010களின் தொடக்கத்தில் அரைத்த மீன் எலும்பைக் கலந்தது. எலும்பின் கனிமப் பகுதி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட். அது மெல்லக் கரைந்து மண்ணிலுள்ள ஈயத்தோடும் குளோரைடோடும் சேரும்போது பைரோமார்பைட் என்ற கனிமம் உருவாகிறது. ஈயச் சேர்மங்களில் மிகக் குறைவாகக் கரைபவற்றுள் அதுவும் ஒன்று. விழுங்கினாலும் அதிலிருந்து உடலுக்குள் போகும் ஈயம் மிகக் குறைவு. ஆக, மண்ணிலுள்ள ஈயம் எங்கும் போய்விடுவதில்லை. பூட்டி வைக்கப்படுகிறது, அவ்வளவே. இதை நான் படித்து அறிந்திருந்தும், மனத்தில் சரியாகப் பதிய ஏழு மாதங்கள் ஆயின.

எலும்பைத் தயாரிப்பதில்தான் முதல் பிழை. மீன் முள்ளையும் இறைச்சி எலும்பையும் ஈர எடையில் 4 கிலோ சேர்த்து, கொழுப்பும் நாற்றமும் முற்றிலும் போகட்டும் என்று, திறந்த அடுப்பில் வெண்சாம்பல் நிறம் வரும்வரை சுட்டேன். பார்ப்பதற்குச் சுண்ணாம்புபோல் தூய்மையாக இருந்தது; உரலில் எளிதாக உடைந்தது. அதிக வெப்பத்தில் சுட்ட எலும்பின் கனிமம் படிகமாக இறுகி, மண்ணீரில் கரையும் வேகம் குறைந்துவிடும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பச்சை எலும்பின் பயனே அதன் கனிமம் ஒழுங்கற்றதாகவும் கார்பனேட் கலந்ததாகவும் இருந்து சீக்கிரம் கரைவதில் இருக்கிறது. அதை நானே சுட்டு இறுக்கியிருக்கிறேன். அந்தத் தொகுதியை ஒதுக்கிவிட்டேன்.

இரண்டாம் முறை எலும்புகளைப் பிரஷர் குக்கரில் முக்கால் மணி நேரம் வேகவைத்து, மேலே மிதந்த கொழுப்பை இரண்டு முறை வடித்து, மீண்டும் வெந்நீரில் அலசினேன். பிறகு ஐந்து நாள் வெயிலில் உலர்த்தி, ஒரு பழைய இரும்புத் தட்டில் மிதமான சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்தேன். நிறம் மஞ்சளும் பழுப்புமாக மாறியதோடு நிறுத்திக்கொண்டேன். மீன் முள் இந்த நிலையில் விரலால் நசுக்கினாலே நொறுங்கியது. இறைச்சி எலும்பின் நடுத்தண்டு மட்டும் அசையவில்லை. சுத்தியலால் உடைத்துக் கை அரவை இயந்திரத்தில் மூன்று முறை விட வேண்டியிருந்தது. கடைசியில் அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலித்து, தங்கியதை மறுபடி அரைத்தேன். நூறு கிராம் தூள் எடுக்க முதலில் ஒரு மணி நேரம் ஆயிற்று. கை பழகியபின் இருபது நிமிடம். மீன் முள் மட்டுமே போதுமான அளவு கிடைக்குமானால் இறைச்சி எலும்பை நான் தொடமாட்டேன்.

முட்டை ஓடு எளிது. உள்சவ்வை உரித்து, கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, உலர்த்தி, அதே சல்லடைக்கு அரைத்தேன். அதன் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட். அதாவது மண்ணின் அமிலத்தைத் தணிக்கும் சுண்ணாம்பு. உமிக்கரியையும் மக்கிய இலை உரத்தையும் இருந்தபடியே பயன்படுத்தினேன்.

மண்ணைத் தோண்டிச் சலித்த நாளில் இரண்டாவது பிழை நேர்ந்தது. காய்ந்த மண்தான் சல்லடையில் நன்றாக விழும் என்று எண்ணி, நண்பகலில் காய்ந்த மண்ணைச் சலிக்கத் தொடங்கினேன். ஐந்து நிமிடங்களில் என்னைச் சுற்றித் தூசி எழும்பிவிட்டது. ஈயம் உடலுக்குள் போகும் முக்கிய வழிகளில் ஒன்று அந்தத் தூசியே. வேலையை நிறுத்தி, மண்ணின் மேல் தெளிப்பானால் நீர் தெளித்து, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பிடித்தால் உருண்டையாகி, கையை விட்டால் உதிரும் பதத்தில் மறுபடி தொடங்கினேன். அன்றிலிருந்து வடிகட்டும் முகக்கவசம், கையுறை, இந்த வேலைக்கென்றே ஒதுக்கிய உடை, வாசலுக்கு வெளியே கழற்றும் செருப்பு ஆகியவை இல்லாமல் மண்ணைத் தொடவில்லை. உடையைத் தனியாகத் துவைத்தேன். எடைபோட்ட தராசும் உரலும் சல்லடையும் அரவை இயந்திரமும் சமையலறைக்குத் திரும்பவேயில்லை.

பாத்தி முழுவதிலும் ஒரே நாளில் எதையாவது கொட்டிவிட்டுக் காத்திருப்பதற்கு மாறாக, முதலில் வாளிகளில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். சுவரிலிருந்து 1 மீட்டர் தொலைவு மண்ணில் 60 கிலோவைத் தார்ப்பாயில் குவித்து, இரண்டு பக்கமும் பிடித்து நாற்பது முறை புரட்டிக் கலந்து, வாளிக்கு 10 கிலோவாக ஆறு வாளிகளில் நிரப்பினேன். முதல் வாளியில் எதுவும் சேர்க்கவில்லை. இரண்டாவதில் முட்டை ஓடு 500 கிராம். மூன்றாவதில் எலும்புத் தூள் 300 கிராம். நான்காவதில், நல்லவை இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது என்ற நம்பிக்கையில், முட்டை ஓடு 500 கிராமும் எலும்பு 300 கிராமும். ஐந்தாவதில் மக்கிய உரம் 2 கிலோவும் உமிக்கரி அரைக் கிலோவும். ஆறாவதில் எலும்பு 300 கிராமும் மக்கிய உரம் 1 கிலோவும். ஒவ்வொரு வாளியிலும் நீர் தெளித்துக் கிளறி, வாரம் ஒருமுறை எடைபோட்டு, ஆவியான நீரின் எடைக்கு நீர் ஊற்றினேன். ஈரம் இல்லாமல் இங்கே எந்த வேதிவினையும் நடக்காது என்பதால் இந்த வாராந்திர எடைபோடுதலை ஒருமுறைகூட விடவில்லை.

மூன்றாம் நாள் இரவு ஒரு நாய் மூன்றாவது வாளியைக் கவிழ்த்துவிட்டது. வேகவைத்து உலர்த்திய எலும்பிலும் அதற்கு ஏதோ வாசனை எட்டியிருக்கிறது. சிதறிய மண்ணை ஈரத்துணியால் துடைத்துத் திரட்டி எடைபோட்டபோது 400 கிராம் குறைந்திருந்தது. நாயின் காலோடு அது எங்கெல்லாம் போனதோ என்ற கவலை நெடுநாள் இருந்தது. அன்றே எல்லா வாளிகளுக்கும் கம்பிவலை மூடி கட்டினேன். எலும்பு கலக்கும் எவரும் முதல் நாளே இதைச் செய்ய வேண்டும்.

பதினாறு வாரங்கள் கழித்து மாதிரிகளை அனுப்பினேன். இங்கே மூன்றாவது பிழை. நான் கேட்டிருந்தது மொத்த ஈயத்தின் அளவை. தாளில் முதல் வாளி 615, எலும்பு வாளி 600, ஐந்தாவது வாளி 495 என்றிருந்தது. மக்கிய உரமும் உமிக்கரியும் ஈயத்தில் ஐந்தில் ஒரு பங்கை நீக்கிவிட்டன என்று மகிழ்ந்து, பாத்திக்கான உரத்தையே சேர்க்கத் தொடங்கிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் தாளில் எழுதிக் கணக்குப் பார்த்தேன்: 10 கிலோ மண்ணில் இரண்டரைக் கிலோ வேறு பொருளைக் கலந்தால், 615 என்பது 1.25 ஆல் வகுபட்டு 492 ஆகும். நடந்தது வெறும் நீர்த்தல். ஒரு மில்லிகிராம் ஈயமும் எங்கும் போகவில்லை. எலும்பு வாளியின் 600க்கும் அதே விளக்கம்தான். மொத்த அளவைக் கேட்டதே தவறு. பூட்டியதை அளக்க வேண்டிய இடத்தில், இருப்பதை அளந்திருக்கிறேன்.

அளக்க வேண்டியது, விழுங்கினால் எவ்வளவு கரையும் என்பதை. அதற்கென்று ஒரு சோதனை இருக்கிறது: மண்ணின் நுண்துகளை மட்டும் சலித்தெடுத்து, ஒரு பங்கு மண்ணுக்கு, வயிற்று அமிலத்தை ஒத்த கிளைசின் கரைசல் நூறு பங்கு என்ற கணக்கில், 37 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம் குலுக்கி, கரைந்த ஈயத்தை அளப்பது. கையில் ஒட்டி வாய்க்குப் போவது 150 மைக்ரானுக்குக் குறைவான துகளே என்பதால்தான் அந்தச் சலிப்பு. வழக்கமாகக் கரைசலின் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் மிகுதி) 1.5. பாஸ்பேட் கலந்த மண்ணுக்கு அந்த அளவில் கிடைக்கும் விடையை மட்டும் நம்பக்கூடாது என்பதால், 2.5 அளவிலும் செய்யச் சொன்னேன். அதோடு, அமிலத் தன்மையில்லாத மெல்லிய கால்சியம் குளோரைடு கரைசலில் கரையும் ஈயத்தையும் அளக்கச் சொன்னேன். வேருக்கும் நிலத்தடி நீருக்கும் போகக்கூடியதன் அறிகுறி அது.

ஆய்வகத்தில் சோதனை செய்தவர் ஒரு கேள்வி கேட்டார்: எலும்பு கலந்த அன்றே எடுத்த மாதிரி இருக்கிறதா? இல்லை என்றேன். அவர் விளக்கியது இந்தப் பணி முழுவதிலும் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள செய்தி. மண்ணில் இன்னும் வினைபுரியாமல் கிடக்கும் எலும்புத் தூள், சோதனைக் குடுவையின் அமிலத்தில் உடனே கரைந்து, அங்கேயே ஈயத்தோடு சேர்ந்துவிடும். அப்போது விடை குறைந்து வரும், ஆனால் அந்தக் குறைவு தோட்டத்தில் நடந்ததன்று, குடுவையில் நடந்தது. இதைப் பிரித்தறிய எளிய வழி, கலந்த அன்றே, வினைபுரிய நேரம் கொடுக்காமல், ஒரு மாதிரியைச் சோதித்து அதனோடு ஒப்பிடுவது. முதல் வாளியின் மண்ணில் 3 விழுக்காடு எலும்புத் தூளை அன்றே கலந்து, உடனே உலர்த்தி ஏழாவது மாதிரியாகக் கொடுத்தேன்.

2.5 அளவில் வந்த விடைகள், மண்ணின் மொத்த ஈயத்தில் கரைந்த பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்ற கணக்கில்: எதுவும் சேர்க்காதது 43, முட்டை ஓடு 40, எலும்பு 31, எலும்பும் முட்டை ஓடும் 39, உரமும் உமிக்கரியும் 36, எலும்பும் உரமும் 28. அன்றே கலந்த எலும்பு மாதிரி 37. ஆக, மூன்றாவது வாளியில் 43க்கும் 31க்கும் இடையே தெரிந்த பன்னிரண்டில் ஆறு குடுவையின் வேலை. மண்ணில் பதினாறு வாரங்களில் உண்மையாக நடந்தது மீதி ஆறுதான். அந்த ஏழாவது மாதிரி இல்லாமலிருந்தால் பன்னிரண்டு என்றே எழுதியிருப்பேன், அதை நம்பியும் இருப்பேன்.

நான்காவது வாளியின் 39தான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. எலும்பின் அளவு அதே 300 கிராம். முட்டை ஓடு சேர்ந்ததும் பயன் ஏறக்குறைய மறைந்துவிட்டது. காரணம் பி.எச். தாளில் தெரிந்தது. முதல் வாளி மண் 5.6; எலும்பு வாளி 6.2, முட்டை ஓடு சேர்ந்த இரண்டும் 7.5க்கு மேல். அபடைட் கரைய மெல்லிய அமிலம் வேண்டும். பூச்சில் இருந்து வந்த ஈயச் சேர்மங்களும் அப்படியே. முட்டை ஓடு அந்த அமிலத்தைத் தீர்த்துவிட்டதால் எலும்பு எலும்பாகவே, ஈயம் ஈயமாகவே பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன.

அதற்காக முட்டை ஓட்டைப் பயனற்றது என்று தள்ளவும் முடியாது. கால்சியம் குளோரைடு சோதனையில் முதல் வாளி மண்ணிலிருந்து கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் ஈயம் கரைந்தது. எலும்பு வாளியில் 0.3, முட்டை ஓடு வாளியில் கருவியால் அளக்க முடியாத அளவுக்குக் குறைவு. வேர் உறிஞ்சுவதையும் நீரோடு கீழிறங்குவதையும் தடுக்க, அமில மண்ணில் முட்டை ஓடு மிக நல்ல பொருள். ஆனால் அது ஈயத்தை மண் அமிலமாக இல்லாத வரைதான் பிடித்து வைக்கிறது. குழந்தையின் வயிறோ அமிலம். அந்த அமிலத்தில் முட்டை ஓடும் கரைகிறது, அது பிடித்திருந்த ஈயமும் கரைகிறது. சோதனையின்போதே முட்டை ஓட்டு மாதிரி நுரைத்துக் கரைசலின் பி.எச். ஏறிவிட்டதால், சரிசெய்து மறுமுறை செய்ய வேண்டியிருந்தது என்றார்கள். என் கவலை மகளின் கையும் வாயும் என்பதால் எலும்பின் பக்கம் போனேன். கிணற்றையோ பயிரையோ பற்றிய கவலை முதன்மையாக உள்ளவருக்கு விடை வேறாக இருக்கும்.

பாத்திக்குக் கணக்கு இப்படி. நீளம் 2 மீட்டர், அகலம் 1 மீட்டர், ஆழம் 15 சென்டிமீட்டர்; கன மீட்டருக்கு 1,300 கிலோ என்று வைத்தால் மண் 390 கிலோ. கிலோவுக்கு 620 மில்லிகிராம் வீதம் அதிலுள்ள ஈயம் ஏறத்தாழ 242 கிராம். பைரோமார்பைட்டில் ஐந்து ஈய அணுவுக்கு மூன்று பாஸ்பரஸ் அணு. எடையில் ஒரு கிராம் ஈயத்துக்கு 0.09 கிராம் பாஸ்பரஸ். அதன்படி 22 கிராம் பாஸ்பரஸ் போதும். உலர்ந்த எலும்புத் தூளில் 12 விழுக்காடு பாஸ்பரஸ் என்று கொண்டால் 180 கிராம் தூளே போதும். தாளில் போதும், மண்ணில் போதாது. தூளின் ஒவ்வொரு துகளும் ஈயத் துகளின் அருகில் இருந்தாக வேண்டும், முழுவதும் கரைய வேண்டும், செடியும் இரும்பும் அலுமினியமும் வழியில் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். அதனால்தான் 3 விழுக்காடு, அதாவது 11.7 கிலோ. அந்த அளவு தூளுக்கு ஈர எலும்பு 26 கிலோ தேவைப்பட்டது. வாளிகளின் முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களிலேயே சேர்த்து, பல வார இறுதிகளில் அரைத்து முடித்தேன். கரையும் பாஸ்பேட் உரத்தைப் போட்டால் ஒரே நாளில் வேலை முடிந்திருக்கும். ஆனால் அது மழையில் அடித்துச் செல்லப்பட்டு நீர்நிலைகளில் பாசியை வளர்க்கும். எலும்பு மெல்லக் கரைவது இந்த வகையில் நன்மையே. இருந்தாலும் பாத்தியைச் சுற்றிச் செங்கல் அடுக்கி 10 சென்டிமீட்டர் வரம்பு எழுப்பினேன்.

ஆறாவது வாளியைப் பின்பற்றி எலும்போடு மண்ணின் எடையில் பத்தில் ஒரு பங்கு, 39 கிலோ, மக்கிய உரம் சேர்த்தேன். மண்ணை நனைத்து, மண்வெட்டியால் கொத்தி, மூன்று தவணையாகத் தூளைத் தூவி, ஒவ்வொரு தவணைக்கும் இரண்டு முறை புரட்டினேன். கலந்த அன்றே ஒரு மாதிரி எடுத்து உலர்த்தி வைத்தேன். பாத்தியின் ஒரு முனையில், கணக்கிட்ட 2 மீட்டருக்கு அப்பால், அரை மீட்டர் நீளத்தை எதுவும் சேர்க்காமல், நடுவில் பலகை வைத்துப் பிரித்து விட்டேன். மேலே கம்பிவலை, அதன்மேல் காய்ந்த இலை மூடாக்கு, சுற்றிலும் வேலி.

ஒன்பது மாதங்கள் கழித்து அந்த மூன்று மாதிரிகளும் ஒரே நாளில் சோதிக்கப்பட்டன. சேர்க்காத முனை 42. கலந்த அன்று எடுத்தது 37. ஒன்பது மாதம் ஆன மண் 26. எனவே மண்ணில் நடந்த உண்மையான மாற்றம் பதினொன்று. நான்கு மாதத்தில் வாளியில் கண்டதைவிட மிகுதி, அது இன்னும் தொடரக்கூடும். பி.எச். 1.5 சோதனையிலும் குறைவு தெரிந்தது, ஆனால் சிறிது: 67இலிருந்து 55. மொத்த ஈயம் எதிர்பார்த்தபடியே 550க்கு அருகில், நீர்த்தலின் அளவுக்கு மட்டும் குறைந்திருந்தது. எலும்பின் இந்தப் பயனை நான் மதிக்கிறேன், மிகைப்படுத்த விரும்பவில்லை: 550இல் 26 விழுக்காடு என்பது 143 மில்லிகிராம், தொடங்கியபோது அது 267 ஆக இருந்தது. ஏறத்தாழ பாதி குறைந்திருக்கிறது, அதிலும் ஒரு பகுதி நீர்த்தலின் வேலை, ஒரு பகுதி குடுவையின் வேலை. அந்த மண்ணில் மகளை உட்காரவைக்க அது போதாது.

செலவில் பொருள்களுக்குப் போனது மிகக் குறைவு. எலும்பும் ஓடும் உமிக்கரியும் இலவசம். கம்பிவலை, முகக்கவசம், கையுறை, அரவை இயந்திரத்தின் தேய்ந்த தகடுகளுக்கு மாற்று, எரிபொருள் ஆகியவை சேர்ந்து மொத்தத்தில் கால் பங்கு. மீதி முக்கால் பங்கும் ஆய்வகக் கட்டணம். அதில் முதல் முறை அனுப்பிய ஆறு மொத்த ஈயச் சோதனைகள் முழுவதும் வீண். உழைப்பைக் கணக்கிட்டால் எலும்பு அரைப்பது மட்டும் ஐம்பது மணி நேரத்துக்கு மேல்.

மறுபடி செய்தால் வாளிகளை வேறு விதமாக அமைப்பேன். ஆறு விதமான கலவைகளுக்கு ஒவ்வொரு வாளி என்றதால், 40க்கும் 43க்கும் உள்ள வேறுபாடு மெய்யானதா, மாதிரி எடுத்ததில் நேர்ந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரே வாளியில் மூன்று இடங்களில் எடுத்தபோது விடைகள் நான்கு எண் வரை விலகின. இரண்டே கலவைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வாளிகள் என்பதே சரி. முட்டை ஓட்டையும் எலும்பையும் ஒரே நாளில் கலக்கமாட்டேன். எலும்புக்கு ஓராண்டு விட்டு, அதன்பின் தேவையானால் ஓட்டைச் சிறிதளவு சேர்ப்பேன். தூளை அரை மில்லிமீட்டருக்கு மாறாகக் கால் மில்லிமீட்டருக்குச் சலிப்பேன். கலந்த அன்று எடுக்கும் மாதிரியை எந்த நிலையிலும் விடமாட்டேன்.

சுவரை ஒட்டிய 1,140 மண்ணில் எலும்பைப் போட்டுப் பார்க்கவில்லை. அங்கே மேல் 15 சென்டிமீட்டரை ஈரமாகவே வெட்டி, தடித்த பைகளில் கட்டி, உரிய கழிவாக ஒப்படைத்துவிட்டு, துணி விரித்துச் சரளை பரப்பினேன். சீர்செய்த பாத்தியின் மேல் துணியை விரித்து, 25 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பலகை அடைத்து, சோதித்த தூய மண் நிரப்பியிருக்கிறேன். செடிகள் அதில் வளர்கின்றன, எலும்பு கலந்த மண் அதற்குக் கீழே இருக்கிறது. வேலியோரம் ஒரு சாண் அகலத்தை மட்டும் மூடாமல் விட்டு, மாதிரி எடுக்கும் இடங்களில் நான்கு குச்சிகளை நட்டு வைத்திருக்கிறேன். அடுத்த மாதிரி பதினெட்டாம் மாதம், கலந்த அன்று எடுத்த உலர்மண்ணின் மீதியோடு சேர்த்து அனுப்பப்படும்.